துப்பிப் பழகிய வாய்

என் மனைவிக்கு எதைக் குடிக்கக் கொடுத்தாலும் ஒரு வாய்தான். இரண்டாவது வாய் கேட்டதாகச் சரித்திரமே கிடையாது. அந்த ஒரு வாயில் பால் எத்தனை நாள் பழசு, பழச்சாற்றில் பழம் எவ்வளவு, சாயம் எவ்வளவு என்று எல்லாவற்றையும் புட்டுப் புட்டு வைத்துவிடுவாள். அதற்குமேல் அந்தப் பானத்தோடு அவளுக்குப் பேச்சில்லை. எங்கள் கல்யாணத்தன்று கையில் கொடுத்த ஆரஞ்சு ஜூஸை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு என் காதருகே குனிந்தாள். புது மாப்பிள்ளை நான், ஏதோ ஆசை வார்த்தை வரப்போகிறது என்று உடம்பெல்லாம் காதாக இருந்தேன். "இது பவுடர்" என்றாள்.

அவள் வேலை அப்படி. பானங்கள் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாக ருசி பார்ப்பவள். அங்கே அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'நாக்கு' என்றுதான். "நாக்கு வந்தாச்சா?" "நாக்குக்கு ஜலதோஷம், ரெண்டு நாள் வராது." முதலில் எனக்குக் கோபம் வந்தது. என் பெண்டாட்டியை உறுப்பு பேர் சொல்லிக் கூப்பிட இவர்கள் யார்? அவளானால் பட்டம் வாங்கினவள் மாதிரி சிரித்தாள்.

அந்த நாக்குக்காக எங்கள் வீட்டில் தனிச் சட்டமே இருந்தது. வேலை நாளில் பச்சை வெங்காயம் கூடாது. வாசனை சோப்பு கூடாது. நான் முகம் மழிக்கும் சோப்புக்கூட மணமில்லாததுதான். ஒரு வாய்ச் சட்டத்துக்கு விலக்கு காலைக் காப்பிதான், அதையும் அவள் ஏழு மணிக்கு முன்னால் முடித்துவிடுவாள். நான் தெருமுனையில் சாவிக்கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்க அரமும் பித்தளைத் தூளும்தான். மணமில்லாத சோப்பு என் கையில் ஏறியிருக்கும் கறுப்பை ஒன்றும் செய்யாது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்பார்கள். சரிதான், மறுக்கவில்லை. ஆனால் அவள் நாக்கு விஷயத்தில் நான் பெட்டிப் பாம்பு.

எனக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் டின். முதலில் சர்க்கரை போட்ட சோடா பானம்தான் குடித்துக்கொண்டிருந்தேன். தொப்பை வந்து, ரத்தத்தில் சர்க்கரை எல்லையைத் தொட்டதும் அவள்தான் என்னை சர்க்கரை இல்லாத டயட் டின்னுக்கு மாற்றினாள். அன்றிலிருந்து எனக்குக் குளிர் விட்டுப்போயிற்று. சர்க்கரைதான் இல்லையே என்று ஒரு நாளைக்கு நாலு டின். வெறும் தண்ணீர் என்றால் மாத்திரை விழுங்க மட்டும். அவளோ நேர் எதிர். காப்பியைத் தவிர அவள் வெறும் தண்ணீரை விட்டு வேறு எதையும் தொட்டதில்லை. அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன கோடையில் வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றவள் மயங்கி விழுந்துவிட்டாள். யாரோ ஒரு புண்ணியவதி அவள் போனிலிருந்தே என்னைக் கூப்பிட்டார். பாதி வெட்டிய சாவியை இயந்திரத்திலேயே விட்டுவிட்டு ஓடினேன். சாவிக்காக நின்றுகொண்டிருந்த ஆள் என் கடையைப் பூட்டி, சாவியைப் பக்கத்துக் கடையில் கொடுத்துவிட்டுப் போனாராம். அவர் முகம்கூட இப்போது நினைவில்லை.

ஆஸ்பத்திரியில் கிராப்பு வெட்டிய ஒரு அம்மா டாக்டர். அவர் குரல் உயரவே உயராது. அப்படிப்பட்டவர்களைக் கண்டால்தான் எனக்குப் பயம். ரத்தத்தில் கிரியேட்டினின் என்று ஒன்று பார்த்தார்கள். சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்தால் அது ஒன்றுக்குக் கிட்டத்தட்ட இருக்கவேண்டுமாம். இவளுக்கு ஒன்று புள்ளி ஒன்பது. தண்ணீர் எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டார்.

"என் வேலையே தண்ணிதான் டாக்டர். காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் வாயில தண்ணிதான்" என்றாள்.

நானும் சும்மா இருக்கவில்லை. கோர்ட்டில் சாட்சி சொல்கிறவன் மாதிரி, இவள் என்னைப் போல் டின் குடிக்கிறவள் இல்லை, பச்சைத் தண்ணீரைத் தவிர வேறு தெரியாது என்று அடித்துச் சொன்னேன். டாக்டர் காகிதத்தை இன்னொரு தடவை பார்த்தார். கணக்கு உதைக்கிறது என்றார். சிறுநீரைப் பார்த்தால் தண்ணீரே குடிக்காதவள் மாதிரி இருக்கிறது. ஆனால் நாள் முழுக்கக் குடிக்கிறேன் என்கிறாள். குடித்தும் இப்படி என்றால் சிறுநீரகமே கெட்டுக்கொண்டு வருகிறதோ என்று பார்க்கவேண்டும். ஊசியால் அதிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துச் சோதிக்கலாம் என்று இரண்டு வாரம் கழித்து நாள் குறித்தார். முற்றிவிட்டிருந்தால் பிறகு டயாலிசிஸ் வரைக்கும் போகலாம் என்பதையும் அதே குரலில் சொன்னார்.

வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். ஆட்டோக்காரர் மெதுவாக ஓட்டினார் என்று கோபம், வேகமாக ஓட்டினார் என்றும் கோபம். எனக்குப் போன மாதம்தான் சோதனை செய்திருந்தார்கள். நாலு டின் குடிக்கிற என் சிறுநீரகம் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறது. தண்ணீரைத் தவிர எதையும் தொடாத இவளுக்கு இந்தக் கதி. இது என்ன நியாயம்? கடையில் உட்கார்ந்து அழுதேன். வந்தவர்களிடம் பித்தளைத் தூள் கண்ணில் விழுந்துவிட்டது என்று சொன்னேன். அந்த வாரம் என் கண்ணில் நிறையத் தூள் விழுந்தது.

நாலு நாள் ஓய்வுக்குப் பிறகு அவள் வேலைக்குக் கிளம்பிவிட்டாள். வீட்டில் உட்கார்ந்து பயப்படுவதற்கு அங்கே போய் உட்கார்ந்தால் பொழுதாவது போகும் என்றாள். லீவுக்குக் கொடுக்கவேண்டிய டாக்டர் சீட்டை மேசையிலேயே மறந்து வைத்துவிட்டுப் போனதால் நான்தான் எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். இருபத்திரண்டு வருஷத்தில் வாசலைத் தாண்டி உள்ளே போனது அன்றுதான் முதல் தடவை. அவள் ருசி அறையில் இருக்கிறாள், பத்து நிமிஷம் ஆகும் என்றார்கள். அவர்கள் பிரிவுத் தலைவர், சோடாப்புட்டிக் கண்ணாடி போட்ட நல்ல மனிதர், வேண்டுமானால் கண்ணாடிச் சுவர் வழியாகப் பாருங்கள் என்று கூட்டிக்கொண்டு போனார்.

வரிசையாகச் சின்னச் சின்னத் தடுப்புகள். பானத்தின் நிறம் கண்ணை ஏமாற்றிவிடக் கூடாது என்று உள்ளே சிவப்பு விளக்கு. சுவரில் இருந்த சிறு கதவு திறந்தது. தட்டு ஒன்று வந்தது. அதில் மூன்று காகிதக் கோப்பைகள், ஒவ்வொன்றிலும் மூன்று இலக்க எண். மூன்றில் இரண்டு ஒரே பானம், ஒன்று வேறு. அந்த வேறு எது என்று கண்டுபிடிக்க வேண்டும். என் மனைவி முதல் கோப்பையை எடுத்தாள். ஒரு வாய். கண்ணை மூடினாள். பக்கத்தில் இருந்த மூடி போட்ட கோப்பையில் துப்பினாள். பிறகு வெறும் தண்ணீர் ஒரு வாய், கொப்பளித்து அதையும் துப்பினாள். அடுத்த கோப்பை. துப்பினாள். தண்ணீர். துப்பினாள்.

நான் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன். பதினைந்து கோப்பை போனது. தொண்டை ஒரு தடவைகூட அசையவில்லை.

முழுங்கவே மாட்டார்களா என்று தலைவரைக் கேட்டேன். முழுங்கினால் வயிறு நிறைந்து நாக்கு மந்தமாகிவிடும் என்றார். முன்பெல்லாம் ஒரு நாளைக்குப் பத்துக் கோப்பைதான். இரண்டு வருஷமாக வாசனைத் தண்ணீர் என்று புதுச் சரக்கு போட ஆரம்பித்ததிலிருந்து நாற்பது வரை போகிறது, எலுமிச்சை, வெள்ளரி, பெர்ரி என்று வாரத்துக்கு ஒன்று வருகிறது என்றார். இடைவேளையில் மற்றவர்கள் தண்ணீர் குடிப்பார்கள், இவர் அப்போதும் வாய் கொப்பளித்துக்கொண்டே இருப்பார், அவ்வளவு பொறுப்பு என்று பெருமையாக வேறு சொன்னார். சீட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

அன்று சாயங்காலம் சமையலறை வாசலில் நின்றேன். அவள் தொட்டி அருகே நின்று டம்ளரில் தண்ணீர் பிடித்தாள். ஒரு வாய் எடுத்தாள். கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்தாள். குனிந்து தொட்டியில் துப்பினாள். டம்ளரைக் கவிழ்த்துவிட்டு, குடித்து முடித்தவள் மாதிரி புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள். இதைத் தினமும் பார்த்திருக்கிறேன். வாய் கழுவுகிறாள் என்று நினைத்திருக்கிறேன். கூடவே இருந்து குப்பை கொட்டியவன், எனக்குக் கண் எங்கே போயிற்று?

"இப்ப நீ தண்ணி குடிச்சியா?" என்று கேட்டேன்.

"குடிச்சேனே."

"அது எங்க போச்சு?"

அவள் தொட்டியைத் திரும்பிப் பார்த்தாள். தண்ணீர் இன்னும் முழுதாக வடிந்திருக்கவில்லை. அதைப் பார்த்தபடியே நின்றாள். வாய் எப்போதும் ஈரமாக இருக்கிறவளுக்குத் தாகம் எப்படித் தெரியும்? "ஏங்க, நான் முழுங்கறதே இல்லையா?" என்று என்னிடமே கேட்டாள்.

மறுநாள் டாக்டரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஊசியை மூன்று வாரம் தள்ளிவைப்போம் என்றார். தினம் எட்டு டம்ளர், வயிற்றுக்குள் போகவேண்டும். மூன்று வாரத்தில் அந்த எண் இறங்கினால் இது வெறும் வறட்சிதான், பிழைத்தோம். இறங்காவிட்டால் சிறுநீரகமே பழுது, ஊசியால் துணுக்கு எடுத்துப் பார்த்துத்தான் ஆகவேண்டும்.

எட்டு டம்ளர்தானே, பூ என்று ஊதிவிடலாம் என்று நினைத்தேன். அங்கேதான் சனி பிடித்தது. காப்பி உள்ளே போகிறது, சூப் போகிறது. தண்ணீர் மட்டும் தொண்டை வரை போய்விட்டுத் திரும்பி வந்துவிடுகிறது. இருபத்திரண்டு வருஷம் துப்பிப் பழகிய வாய், தண்ணீர் என்றாலே வெளியே தள்ளுகிற சாமான் என்று முடிவு கட்டியிருந்தது. முதல் நாள் முக்கி முனகி இரண்டு டம்ளர். இரண்டாம் நாள் ஒன்றரை.

ருசி இருந்தால் இறங்குமோ என்று பெரிய கடைக்குப் போய் மூன்று வாசனைத் தண்ணீர் பாட்டில் வாங்கி வந்தேன். அவளைக் குஷிப்படுத்த, லேபிளைக் கிழித்துவிட்டு மூன்று இலக்க எண் எழுதி ஒட்டினேன். நாற்காலியில் உட்கார்ந்து ஆபீஸ் முகத்தோடு வாங்கிக்கொண்டாள். நானூற்றுப் பதினேழு. ஒரு வாய், கண்ணை மூடினாள், எழுந்து போய்த் துப்பினாள். இதில் ஒரு பாட்டிலுக்கு ஐந்து ஸ்பூன் சர்க்கரை இருக்கிறது, பேர்தான் தண்ணீர், உங்கள் பழைய சோடாவும் இதுவும் பங்காளிகள் என்றாள். இருநூற்று எண்பத்தாறு. துப்பினாள். சர்க்கரை கிடையாது, சர்க்கரைக்குப் பதில் போடுகிற இனிப்பு இருக்கிறது, உங்கள் டின்னுக்குத் தங்கச்சி முறை. கடைசியாகத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்று. கொஞ்சம் கூடுதல் நேரம் வைத்திருந்தாள். எனக்கு நம்பிக்கை வந்தது. அதையும் துப்பினாள். இது யோக்கியமான சரக்கு, வெறும் எலுமிச்சை வாசனைதான், இனிப்பே இல்லை. ஆனால் புளிப்பு இருப்பதால் நாள் முழுக்கச் சப்பிக்கொண்டே இருந்தால் பல்லுக்கு ஆகாது என்றாள்.

கையோடு என் டின்னையும் நீட்டினேன், உன் தீர்ப்பையும் கேட்டுவிடுகிறேன் என்று. அதைத் தொடவே இல்லை. "சர்க்கரை இல்லேங்கறது பொய்யில்ல. முன்னாடி நீங்க குடிச்சதுக்கு இது தேவலை, அதனாலதான் மாத்திவிட்டேன். ஆனா நாக்கு இனிப்பு இனிப்புன்னு கேட்டுக்கிட்டே இருக்குல்ல? தண்ணியை மறந்துட்டீங்கல்ல?" என்றாள். தண்ணீரைத் துப்புகிறவள் எனக்குத் தண்ணீர் பாடம் எடுக்கிறாளே என்று எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

ஐந்தாம் நாள் என் குணம் வெளியே வந்துவிட்டது. தொட்டி அருகே நின்றவள் மறுபடியும் துப்பினாள். நான் கத்திவிட்டேன். ஒரு வாய்த் தண்ணீரை முழுங்க என்ன கேடு, எனக்காகவாவது முழுங்கக் கூடாதா, உனக்கு ஒன்று ஆகிவிட்டால் நான் யாரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன் என்று என்னென்னவோ சொன்னேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "வேணும்னேவா துப்பறேன்?" என்றாள். தோள் குலுங்கியது.

நான் செத்துப்போனேன். கூச்சலைப் போட்டவன் நான்தானே, நான்தான் ஏதாவது செய்யவேண்டும். அவள் கையைப் பிடித்துப் படுக்கையறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே தொட்டி கிடையாது, கோப்பை கிடையாது. கட்டில் விளிம்பில் உட்காரவைத்து டம்ளரைக் கொடுத்தேன். ஒரு வாய் எடுத்தாள். இரண்டு கன்னமும் உப்பிக்கொண்டு நின்றன. கண் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தேடியது. எதைத் தேடுகிறது என்று எனக்குத் தெரியும். என்ன தோன்றியதோ, எதிரே முட்டி போட்டு உட்கார்ந்து இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினேன்.

"துப்பணும்னா இதுல துப்பு" என்றேன்.

அவள் என் கையைப் பார்த்தாள். ரேகையெல்லாம் கறுப்பு ஏறிய கை, கட்டை விரலில் அரம் கிழித்த தழும்பு. பார்த்துக்கொண்டே இருந்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அப்போது அவள் தொண்டை ஏறி இறங்கியது. என் உயிர் போய்த் திரும்பி வந்தது.

"இந்தக் கையில போய் எப்படிங்க துப்பறது?" என்றாள். கண்ணில் தண்ணீர், உதட்டில் சிரிப்பு. இன்னொரு வாய் எடுத்தாள். நான் கையை எடுக்கவில்லை. அந்த டம்ளரை முடிக்க இருபது நிமிஷம் ஆயிற்று, என் முட்டி இரண்டும் கழன்றுபோயிற்று. டம்ளரைக் கீழே வைத்ததும் ஒரு நிபந்தனை போட்டாள்: அவள் முழுங்குகிற ஒவ்வொரு டம்ளருக்கும் நானும் ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீர் குடிக்கவேண்டும், டின்னை விடவேண்டும். அந்த நேரத்தில் கடையையே எழுதிக்கொடு என்றாலும் கொடுத்திருப்பேன்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒவ்வொரு டம்ளருக்கும் நான் கையை ஏந்தினேன். கம்பெனியில் தலைவர் கோப்பைகளைப் பன்னிரண்டாகக் குறைத்துவிட்டார். இடைவேளையில் அவளுடைய தோழி ஒருத்தி, பக்கத்துத் தடுப்பில் ருசி பார்க்கிறவள், எதிரே உட்கார்ந்து கையை நீட்டினாளாம். மனிதர்கள் எவ்வளவு நல்லவர்கள்! டின் இல்லாமல் எனக்கு மூன்று நாள் மண்டை இடித்தது. இரண்டு சாவி தப்பாக வெட்டினேன். தண்ணீர் வாயில் சப்பென்று இருந்தது. இதை எப்படிக் குடிக்கிறார்கள் மனிதர்கள் என்று புலம்பினேன். பத்துப் பன்னிரண்டு நாள் போனபின் கடைக் குழாய்த் தண்ணீரும் வீட்டுத் தண்ணீரும் ஒரே மாதிரி இல்லையே என்றேன். "இப்பத்தான் உங்களுக்கு நாக்கு முளைக்குது" என்றாள்.

மூன்று வாரம் முடிந்து ரத்தம் கொடுத்தோம். முடிவுக்காக ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், ஜுரமோ என்று. டாக்டர் கூப்பிட்டார். காகிதத்தை எங்கள் பக்கம் திருப்பினார். ஒன்று புள்ளி ஒன்று. ஊசி வேண்டாம் என்றார், அதே உயராத குரலில். தண்ணீரை மட்டும் விட்டுவிடாதீர்கள், தினமும் வேண்டும் என்றார். அந்த அம்மாவின் காலில் விழாத குறைதான்.

வெளியே வந்து மறுபடியும் அதே பெஞ்சில் உட்கார்ந்தோம். பையிலிருந்த பாட்டிலைத் திறந்து டம்ளரில் ஊற்றி அவளிடம் கொடுத்தேன். பழக்க தோஷத்தில் கையை ஏந்தினேன். அவள் என் கையைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்தபடி மடமடவென்று குடித்தாள். கண்ணை மூடவில்லை, வாயில் வைத்து யோசிக்கவில்லை. காலி டம்ளரை என் பக்கம் நீட்டினாள்.

"இன்னும் இருக்கா?" என்றாள்.

பாட்டிலைக் கவிழ்த்தேன். சொட்டுத் தண்ணீர் இல்லை. நடைபாதைக் கடைசியில் ஒரு குழாய் இருந்தது. இந்த வயதில், அந்த முட்டியை வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் அத்தனை பேர் பார்க்க ஓடக் கூடாதுதான். ஓடினேன்.